இவரை எப்படித் தெரியும்?

அந்தச் சந்துக்குள் நுழைந்தால் முதலில் மூக்குக்குத்தான் வேலை. ஒரு பக்கம் சோப்பு வாசனை, இன்னொரு பக்கம் சூடான துணியின் வாசனை, நடுவில் சாக்கடை தன் பங்குக்கு. பெரிய ஆஸ்பத்திரியின் பின்சுவரும், மாணவர் விடுதியின் பின்வாசலும், லாட்ஜுகளின் கொல்லைப்புறமும் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருந்தன. முன்பக்கம் கண்ணாடியும் பூந்தொட்டியுமாக மினுக்குகிற கட்டடங்களெல்லாம் தங்கள் அழுக்கை இந்தப் பக்கம்தான் அவிழ்த்தன. பொழுது விடிந்தால் சுவர்க் குழாய்களிலிருந்து ஆவி கிளம்பிவிடும். மழை நாளில் அது மேலே போகாமல் சந்திலேயே படுத்துக்கொள்ளும். அன்றைக்கு எதிரில் வருகிறவர் யாரென்று தெரிய இருமிக் காட்ட வேண்டியிருக்கும்.

சந்தின் கடைசியில் இருந்த மாடி வீட்டில் மாஸ்டரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். மாஸ்டர் பெரிய சலவை மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். வீட்டு மெஷின் அல்ல. ஒரு ஆள் உள்ளே சம்மணம் போட்டு உட்காரலாம், அப்படிப்பட்ட டிரம் உள்ள மெஷின்கள். மனைவியை ஊரில் பாதிப் பேர் லைன் அக்கா என்றார்கள். அந்தப் பாதிப் பேரில் ஒருவர்கூட அவளை நேரில் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை.

மெஷின் கம்பெனி தன் சர்வீஸ் நம்பரை மாஸ்டர் வீட்டு டெலிபோனுக்கே கொடுத்திருந்தது. மாஸ்டர் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போனால் சாயங்காலம்தான் வருவார். மணி அடித்தால் எடுக்க அவளை விட்டால் யார்? ஆரம்பத்தில் ஒன்றும் புரியாமல், வால்வு பழுதுக்குப் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டும் மழையில் மனிதரை ஊர்க்கோடி வரை ஓட விட்டிருக்கிறாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தப் பக்கத்து ஆள் மூச்சு வாங்க விளக்க ஆரம்பித்தால், "வாயால சொல்ல வேணாங்க. ஃபோனை மெஷின் கிட்ட கொண்டு போங்க" என்பாள். ஒரு கையில் ரிசீவர், இன்னொரு கையில் காய் நறுக்கும் கத்தி, கண் அடுப்பில். பேரிங் போனால் உறுமும், பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும், தண்ணீர் வடியாவிட்டால் மெஷின் விக்கும். கேட்டுவிட்டு மாஸ்டருக்குச் சொல்வாள். அவர் அதற்குத் தகுந்த சாமானோடு போய் நிற்பார்.

பெயர் சொல்லும் வழக்கமே அந்த வீட்டில் இல்லை. சாயங்காலம் மாஸ்டர் டீயோடு உட்கார்ந்தால் அன்றைய மெஷின்களும் மனிதர்களும் கதையாக வருவார்கள். விடுதிச் சலவைக்காரர் சோப்புப் பவுடரை அள்ளிக் கொட்டுவார், ஆகவே அவர் பவுடர். லாட்ஜ் முதலாளி ஷாக் அடிக்குமென்று பயந்து வாசற்படியில் நின்றே பேசுவார், அவர் தூரத்து மாமா. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் தலைவி வாயைத் திறந்தால் மூன்றாவது மாடி வரை கேட்கும், அவர் கோபக்காரி. இவர்களுக்கெல்லாம் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்குமே என்று புருஷனும் பெண்டாட்டியும் யோசித்ததே இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் கம்பெனி இந்த ஊர்க் கடையை மூடிக்கொண்டு போனது. போகும்போது நம்பரையும் கொண்டு போய்விட்டது. அவள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள், ஒரு முணுமுணுப்புகூட இல்லை. அவர்களிடம் இருந்த வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் அந்த ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. மாஸ்டர் வீடு எங்கே என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது, கூப்பிடாமல் போய் நிற்கிற வழக்கம் மாஸ்டருக்கும் இல்லை.

மாஸ்டருக்கு இரண்டு வழி தெரிந்தது. ஒன்று கப்பல். பயணிகள் கப்பல் ஒன்றின் சலவை அறைக்கு மெக்கானிக் கேட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். ஏஜெண்டிடம் "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வந்து, அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அந்தப் பெட்டி கூடத்தில் உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து அவளுக்கு அதைக் கண்டாலே ஆகவில்லை. பெருக்கும்போது வேண்டுமென்றே துடைப்பத்தால் அதை ஒரு இடி இடித்துவிட்டுத்தான் போவாள். மாடி வீட்டில் ஊமை டெலிபோனோடு தனியாக உட்கார்ந்திருக்க அவளால் முடியாது. அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியாது, ஏனென்றால் மனிதர் போவது வீட்டுக்காகத்தான்.

இன்னொன்று, புதிதாகத் திறக்கிற பெரிய ஓட்டல். மேனேஜர் நல்ல மாதிரி. நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் பேசினார்.

"நீங்க நல்லா செய்வீங்கன்னு உங்க மொகத்தைப் பாத்தாலே தெரியுது. ஆனா மொகத்தை வெச்சு நான் மேலிடத்துல பேச முடியாதுங்க. தொழில் பக்கத்துல உங்களைத் தேடினேன், ஆளே இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள உங்ககிட்ட வேலை வாங்கினவங்க நாலு பேர் அங்க வந்து உங்களைப் பத்தி எழுதட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

தொழில் பக்கம் என்பது வேலை பார்க்கிறவர்களெல்லாம் தங்கள் படத்தையும் பதவியையும் போட்டு ஒருவரோடு ஒருவர் கோத்துக்கொள்கிற வலைத்தளம். மாஸ்டருக்கு அது கேள்விப்பட்ட சமாசாரம்கூட இல்லை. அவருடைய தங்கை ஒரு அலுவலகத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள். அன்று சாயங்காலமே பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து இறங்கினாள்.

"அண்ணே, கொஞ்சம் சிரி. போட்டோ எடுக்கணும்."

"சிரிச்சுட்டுதானே இருக்கேன்."

"இதுவா சிரிப்பு? நட்டு இறுக்கற மாதிரி இருக்கு. அண்ணி, நீங்க ஏதாவது சொல்லுங்க."

"பல்லு வலியா இருக்கும்னு நெனச்சு வேலை குடுப்பாங்க, விடு" என்றாள் அவள். மாஸ்டர் சிரித்துவிட்டார். அந்தப் படம்தான் பக்கத்தில் ஏறியது.

அவளுடைய கைபேசியில்தான் பக்கத்தைத் திறந்தார்கள், கூப்பிடவும் அவள் நம்பரையே போட்டார்கள். மாஸ்டரின் விரல்கள் ஸ்பேனருக்குப் பழகியவை, ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழும். எல்லாம் முடிந்ததும் நாத்தனார் கேட்டாள்: "உங்களுக்கும் ஒண்ணு திறந்துடவா அண்ணி?"

"எனக்கெதுக்கும்மா? நான் என்ன வேலையா பாக்கறேன்?"

"அதுவும் சரிதான்" என்று நாத்தனார் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தாள். இரண்டு பேருமே அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை மாஸ்டர் ஓட்டலின் மெஷின் அறையைப் பார்க்கப் போன பிறகு அவள் கைபேசியை எடுத்தாள். பெயர் தெரியாது, ஆகவே இடத்தைப் போட்டுத் தேடினாள். விடுதி, சலவைப் பிரிவு என்று தட்டியதும் ஒரு மனிதர் வந்து நின்றார். உருண்டை முகம், மழமழவென்று சவரம், கழுத்தில் டை. இத்தனை வருஷம் "அக்கா, பொங்கி வழியுதுக்கா" என்று அழுத குரல் இந்த முகத்திலிருந்தா வந்தது? அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாஸ்டருக்கு ஃபோன் போட்டாள்.

"ஏங்க, பவுடருக்கு மீசையே இல்லைங்க."

"ஏன், இருக்கணுமா?"

"நான் பெரிய மீசையா வெச்சிருந்தேன். சரி, தூரத்து மாமாவுக்கு என்ன வயசிருக்கும்?"

"சின்னப் பையன்தான், இப்பதான் கல்யாணமாச்சு."

"அடப்பாவி, நான் அவரைப் பெரியவரேன்னு கூப்பிட்டுட்டிருந்தேனே."

பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் கவனிக்கவில்லை. ஒவ்வொரு குரலுக்கும் ஒரு முகம் கிடைத்துக்கொண்டே இருந்தது. தினமும் பேசிய சொந்தக்காரர்களையெல்லாம் ஒரே நாளில் முதல்முதலாகப் பார்ப்பது மாதிரி. கோபக்காரியின் படம் வந்தபோது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நரைத்த முடி, வெள்ளைக் கோட்டு, உதட்டில் சிரிப்பில்லை, ஆனால் கண்ணில் இருந்தது.

தொடர்பு கொள் என்பதை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. 'இவரை எப்படித் தெரியும்? ஒரு குறிப்பு எழுதுக' என்றது. என்ன புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று அவள் வியந்தாள். படத்துக்குக் கீழே இருந்தவையெல்லாம் முன்பின் கேட்டிராத பெயர்கள். நாளைக்கு மாஸ்டர் பார்த்தால் யாரென்று முழிப்பாரே, அவருக்கு அடையாளம் தெரியத்தான் இந்தப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். அவள் வீட்டு வழக்கப்படி எழுதினாள்.

'பவுடர். அள்ளிக் கொட்டுவார். சொன்னாக் கேக்க மாட்டார். நல்ல மனுஷன்.'

'தூரத்து மாமா. மெஷினைத் தொட பயம். வாசப்படி தாண்ட மாட்டார்.'

'கோபக்காரி. காது கிழியக் கத்துவாங்க. ஆனா மாஸ்டரைச் சாப்பிடாம வெளிய விட மாட்டாங்க.'

அன்றைக்கும் மறுநாளும் இதே வேலையாக இருந்தாள். ஒன்றை அனுப்பினால், இவரையும் தெரியுமா என்று அது இன்னும் நாலு பேரைக் காட்டும். எல்லோரையும் தெரிந்திருந்தது. சாப்பாடு ஆறியது, துணி கொடியிலேயே நனைந்தது. மாஸ்டர் எட்டிப்பார்த்து, "ஊரையே கட்டி இழுத்துட்டு வந்துடுவ போலிருக்கே" என்றார். சொல்லிவிட்டு ஒரு சட்டையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

புதன்கிழமை மத்தியானம் நாத்தனார் நனைந்த குடையோடு வந்தாள். "எங்க, காட்டுங்க அண்ணி" என்று கைபேசியை வாங்கினாள். பார்த்தவள் ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"அண்ணி, இது என்ன?"

"எது?"

"இது. கோபக்காரி, காது கிழியக் கத்துவாங்க."

"அடையாளத்துக்கு எழுதினேன். உங்க அண்ணனுக்குப் பேர் தெரியாதில்ல."

"அண்ணி, அது நமக்கு வைக்கற குறிப்பு இல்ல. அவங்களுக்குப் போற குறிப்பு. நீங்க எழுதினது அப்படியே அவங்க கையில போய் நிக்கும்."

"எல்லாமா?"

"எல்லாம்தான்."

"பவுடருக்குமா?"

"பவுடருக்கும், வாசப்படி தாண்டாதவருக்கும். இது யாரு, 'கஞ்சன், பழைய பெல்ட்டையே தச்சுப் போடச் சொல்வான்'?"

"ஐயோ, அவரா" என்று அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரும்ப வாங்க முடியுமா என்று நாத்தனார் எதையெதையோ தட்டிப் பார்த்தாள். பாதிப் பேர் படித்தே விட்டிருந்தார்கள். மாஸ்டர் வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் வாசித்தார். ஓரிரு இடத்தில் உதடு துடித்தது, சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை.

"உள்ளதைத்தான் எழுதியிருக்க" என்றார் கடைசியில். "உள்ளதைச் சொன்னா உடம்பெல்லாம் எரியுமே. அந்தம்மா மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"நான் நேர்ல போய் மன்னிப்புக் கேக்கறேங்க."

"போய் யாருன்னு சொல்லுவ? அவங்களுக்கு உன் மொகமே தெரியாது."

அவர் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, ஆனாலும் அவளுக்குச் சுருக்கென்றது. மாஸ்டர் பெட்டி பக்கம் போய் இன்னும் இரண்டு சட்டையை மடித்தார். நாலு பேர் எழுத வேண்டிய இடத்தில் நாற்பது பேரைப் பகைத்தாயிற்று என்று அவளுக்குத் தோன்றியது. வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டவர்கள் உண்டு, வாயையே திறக்காமல் வாங்கிக்கட்டிக்கொள்கிறவள் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். அழுகை வந்தது. நாத்தனார் டீ போட உள்ளே போனாள்.

அப்போதுதான் கைபேசி அடித்தது. முன்பின் தெரியாத நம்பர்.

எடுத்துக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் பேச்சில்லை. முதலில் ஏதோ இரைச்சல், பிறகு தண்ணீர் புரளும் சத்தம். பிறகு டிரம் சுற்ற ஆரம்பித்தது. அவளுடைய முதுகு தானாக நிமிர்ந்தது. நாத்தனார் ஏதோ கேட்க வர, கையைக் காட்டி நிறுத்தினாள். மாஸ்டரும் சட்டையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். உறுமல் இல்லை, பேரிங் நன்றாக இருக்கிறது. கீச்சும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே இடத்தில் ஒரு கிறீச், தகரத்தை நகத்தால் சுரண்டுகிற மாதிரி.

"மெஷினை நிறுத்துங்க" என்றாள். குரலில் அழுகை போன இடம் தெரியவில்லை. "கதவு ரப்பரைத் தூக்கிப் பாருங்க. கீழ்ப் பக்கம், உள்மடிப்புல. யாரோ கோட்டுப் பையில எதையோ வெச்சு அப்படியே போட்டிருக்காங்க. சின்னக் கத்தரிக்கோலா இருக்கும்."

மெஷின் நின்றது. ரப்பர் பிதுங்கும் சத்தம் கேட்டது, யாரோ முனகினார்கள். பிறகு இரும்பு ஒன்று மேசையில் விழுந்தது.

"கத்தரிக்கோல் இல்ல, சாவிக்கொத்து" என்றது ஒரு குரல். அந்தக் குரலைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "கோபக்காரி பேசறேன்."

"அம்மா, அது வந்து, தெரியாம..."

"என்ன தெரியாம? எல்லாம் தெரிஞ்சுதானே எழுதியிருக்க. இவ்வளவு நாளா எங்க போய்த் தொலைஞ்ச? நம்பரைப் போட்டா அப்படியொரு நம்பரே இல்லங்கறான். மெஷின் கத்துது, நான் கத்தறேன், கேக்க ஆளில்ல. உன் குறிப்பைப் படிச்சதும்தான் உயிர் வந்துச்சு. ஊர்ல எல்லாரும் எழுதறானுங்க, தங்கள் மேலான தொடர்பை நாடுகிறேன்னு. எவன் எவன்னே தெரியல. இதைப் படிச்சதும் தெரிஞ்சுபோச்சு, நம்ம வீட்டு ஆளுன்னு."

"கோவமில்லையாம்மா?"

"கோவம் இல்லாம? நான் காது கிழியவா கத்தறேன்?"

மாஸ்டர் அங்கே நின்றபடியே இரண்டு காதையும் பொத்திக் காட்டினார். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, அந்தப் பக்கமும் சிரித்தார்கள். "என்ன எழுதணும், எங்க எழுதணும்னு சொல்லு. நான் எழுதறேன்" என்றார் கோபக்காரி.

அன்று சாயங்காலத்திலிருந்து கைபேசி ஓயவில்லை. பவுடர் எழுதியிருந்தார்: 'இப்போது பாதி பவுடர்தான் போடுகிறேன் அக்கா, சத்தியம்.' தூரத்து மாமா ஒரு படம் அனுப்பினார். மெஷினின் மேல் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றிருந்தார். கஞ்சன் மட்டும் பதிலே போடவில்லை. அதுவும் அவர் வழக்கம்தான், பதிலில் கூடச் சிக்கனம். அவள் ஒவ்வொன்றையும் உரக்கப் படிக்க, நாத்தனார் வீட்டுக்குப் போவதையே மறந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நாங்க மாசக்கணக்குல பயிற்சி வகுப்பு நடத்தி இப்படி ஆளைச் சேர்க்க முடியல அண்ணி. நீங்க திட்டியே சேர்த்துட்டீங்க."

வெள்ளிக்கிழமை நாத்தனார் வந்திருந்தபோது ஓட்டலிலிருந்து அழைப்பு வந்தது. மேனேஜர்தான். மாஸ்டர் கைபேசியை நடுவில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தார்.

"நாலு பேர் கேட்டேன், கூட்டமே வந்திருக்கு. ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரு சந்தேகங்க மாஸ்டர். உங்க வேலையைப் பத்தி நல்லா எழுதியிருக்காங்க, சரி. எல்லாருமே கடைசியில லைன் அக்கா, லைன் அக்கான்னு எழுதியிருக்காங்களே, அது யாரு? ஆஸ்பத்திரியம்மா என்ன எழுதியிருக்காங்கன்னா, ஃபோன்ல அந்தப் பொண்ணு இருந்தா பாதிப் பழுது அப்பவே சரியாயிடும், மிச்சப் பாதிக்குத்தான் மாஸ்டராம்."

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"என் சம்சாரங்க" என்றார்.

"அப்ப திங்கட்கிழமை ரெண்டு பேரும் வாங்க. ஒப்பந்தத்துல அவங்க பேரையும் போடணும். அவங்களுக்குப் பக்கம் இல்லையா? தேடினேன், காணோமே."

ஃபோனை வைத்ததும் நாத்தனார் துள்ளிக்கொண்டு எழுந்தாள். அண்ணியின் கைபேசியை எடுத்து எதையோ தட்டிவிட்டு, "அண்ணே, உன் பக்கத்தை உன் ஃபோனுக்கு மாத்திட்டேன், இனி உன் பாடு. அண்ணி, உக்காருங்க. படம் எடுக்கணும். தொழில்னு என்ன போடறது?" என்றாள்.

அவள் யோசித்தாள். மெக்கானிக் என்றால் பொய். டெலிபோன் என்றால் பாதி உண்மை. "மெஷின் சத்தம் கேக்கறவங்கன்னு போடு" என்றாள். நாத்தனார் அப்படியே போட்டாள்.

ஆனால் மாஸ்டர் அந்தச் சந்தோஷத்தில் முழுசாகக் கலக்கவில்லை. "ஏஜெண்டுக்கு வாக்கு குடுத்துட்டேனே" என்று முணுமுணுத்தபடி தன் கைபேசியோடு உள் அறைக்குப் போனார். பெட்டி கூடத்தில் அதே இடத்தில் இருந்தது, மேலே மடித்த சட்டைகள் தெரிந்தன. வாக்கு என்றால் அவருக்கு வாக்குதான். ஒருமுறை வருகிறேன் என்று சொல்லிவிட்டால், காய்ச்சலோடும் போய் மெஷின் முன்னால் நிற்கிறவர். உள்ளேயிருந்து அவர் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது. பிறகு வெகுநேரம் சத்தமில்லை. அந்தச் சத்தமின்மையை மட்டும் அவளால் கேட்டுப் புரிந்துகொள்ள முடியவில்லை.

நாத்தனார் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் செருப்பை மாட்டும்போது, "அண்ணி, உங்களுக்கு முதல் ஆள் வந்தாச்சு பாருங்க" என்று அவள் கையிலிருந்த கைபேசியைக் காட்டினாள்.

ஒருவர் உங்களோடு தொடர்பு கொள்ள விரும்புகிறார் என்றிருந்தது. படத்தில் மாஸ்டர், பல்வலிக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, இவரை எப்படித் தெரியும் என்ற இடத்தில், ஒரு எழுத்துக்கு மூன்று எழுத்து விழும் விரல்களால் அழித்து அழித்து எழுதிய குறிப்பு:

'என் வீட்டு லைன். உப்பு கம்மியாப் போடுவாங்க. சொன்னாக் கேக்க மாட்டாங்க. கப்பல்காரன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை நான் எங்கயும் போகல.'

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கூடத்துக்குப் போய், மடித்த சட்டைகளை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கி அலமாரி மேல் போட்டாள். ஏற்கவும் என்பதை அதன்பிறகுதான் அழுத்தினாள்.